பன்னிரண்டாவது சுற்று

அந்தக் கை எழுந்தது உண்மை. பாதி உயரம் போய், ஒரு மூச்சு நேரம் தயங்கி நின்று, மறுபடி கீழே இறங்கியதும் உண்மை. சேறு அப்பிய விரல்கள், முழங்கைவரை சுருட்டிவிட்ட ஈரச் சட்டை. அது அத்தானின் கைதான் என்று தையல்காரி யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்வாள். ஆனால் நினைவும் ஒரு தையல்தான். கை தேர்ந்தவள் ஒட்டுப்போட்டால் ஒட்டிய இடம் தெரியாது. அவள் சொன்னதைக் கேட்டுத் திருப்பிச் சொல்கிற எனக்கும், அதில் எது அன்று நடந்தது, எது பிறகு வந்து சேர்ந்துகொண்டது என்று பிரிக்கத் தெரியவில்லை. கேட்டதைக் கேட்டபடி சொல்கிறேன்.

மலையடிவாரத்தில் எதிரும் புதிருமாக எட்டு வீடுகள் இருந்தன. ஒரு மழைநாளில், பிற்பகல் நாலேகால் மணிக்கு, மலையின் ஒரு பக்கம் கழன்று வந்து எட்டையும் மூடிவிட்டது. இருபத்துமூன்று பேர் போனார்கள். ஏழாவது வீட்டில் தையல்காரியின் அக்கா இருந்தாள். அக்காவின் கணவர், அவள் அத்தான் என்று கூப்பிடுகிறவர், நில அளவையாளர். அன்று பத்து மைல் தள்ளி யாருடைய வேலித் தகராறுக்கோ அளவுச் சங்கிலி பிடித்து நின்றதால் பிழைத்தார். தையல்காரி கடைவீதியில், தன் மெஷினுக்கு முன்னால் இருந்ததால் பிழைத்தாள்.

மீட்புப் படைக்கு ஒரு வழக்கம் உண்டு. மணிக்கொரு தடவை அவர்களுடைய தலைவர் விசில் ஊதுவார். ஊதியதும் இயந்திரங்கள் நிற்க வேண்டும், மண்வெட்டிகள் நிற்க வேண்டும், அவரவர் நின்ற இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும். மண்ணுக்கடியிலிருந்து யாருக்காவது ஏதாவது கேட்டால், வாயைத் திறக்காமல் உள்ளங்கையை விரித்து மேலே தூக்க வேண்டும். தூக்கியவர் அசையக் கூடாது. அவர் நிற்கும் இடம்தான் அடையாளம். மற்றவர்களுக்கும் கேட்டால் அவர்களும் தூக்குவார்கள். சரிபார்த்த பிறகு எல்லாக் கைகளும் ஒன்றாக இறங்கும், தோண்டல் தொடங்கும். எதுவும் கேட்காவிட்டால் இரண்டாவது விசில், பழையபடி வேலை.

முதல் நாள் கை தூக்கியவள் தையல்காரி. டக், டக் என்று கேட்டது அவளுக்கு. இரண்டாவது வீட்டின் மேல் ஆறு மணி நேரம் தோண்டினார்கள். உள்ளே யாரும் இல்லை. உடைந்த குழாயிலிருந்து கவிழ்ந்த வாளியின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆறு மணி நேரத்தில் எட்டாவது வீட்டில் பேக்கரிக்காரரின் மனைவி போய்விட்டாள். அரை மணிக்கு முன்னால் வந்திருந்தால்கூட, என்று யாரோ சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் அவர் தையல்காரியைப் பார்த்து, "உன் காதுல ஈயத்தக் காய்ச்சித்தான் ஊத்தணும்" என்றார்.

இரண்டாம் நாள் மாலை விசில் ஊதியபோது அவளும் அத்தானும் ஏழாவது வீட்டின் மேல் அருகருகே நின்றார்கள். அப்போதுதான் அந்தக் கை எழுந்தது. இறங்கியது. இரண்டாவது விசில் ஊதியது.

அக்காவை ஒன்பதாம் நாள் எடுத்தார்கள். சமையலறைச் சுவரோரம், விட்டத்துக்கடியில், கையில் ஒரு கரண்டியோடு. கரண்டியின் தலை நசுங்கித் தட்டையாகியிருந்தது. இரண்டு நாளாவது உயிரோடு இருந்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். அத்தான் கேட்டுக்கொண்டு பேசாமல் நின்றார். அந்தப் பேசாமைதான் தையல்காரியின் மனதில் ஊசியாக இறங்கியது. கேட்டும் கையை இறக்கியவன். எதற்காக இறக்கினான்? ஐந்து வருடமாக அவள் இந்த ஒரு கேள்வியோடுதான் படுத்தாள், எழுந்தாள், தைத்தாள்.

மறுவருடம் அத்தான் அந்த இடத்தில் ஒரு சுருள்பாதையை அமைத்தார். மலையோடு உருண்டு வந்த கற்களையே பொறுக்கி, முளையடித்துக் கயிறு கட்டி, வட்டத்துக்குள் வட்டமாகப் பதினோரு சுற்று. குழப்பிவிடும் புதிர் இல்லை அது. ஒரே வாசல், ஒரே வழி. வளைந்து வளைந்து போனால் நடுவுக்குத்தான் வரும். திரும்பி நடந்தால் வாசலுக்குத்தான் வரும். ஆண்டுதோறும் அதே நாளில் நாலேகாலுக்கு உறவுக்காரர்கள் வீட்டு வரிசைப்படி, ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இருபத்தைந்து காலடி இடைவெளிவிட்டு உள்ளே போவார்கள். யாரும் பேச மாட்டார்கள். முதல் ஆள் நடுவிலிருக்கும் கம்பத்தைத் தொட்டதும் வாசலில் நிற்கும் விசில்காரர், அதே பழைய மீட்புப்படைத் தலைவர், விசில் ஊதுவார். எல்லோரும் நின்ற இடத்தில் நின்று ஒரு நிமிடம் கேட்பார்கள். பிறகு இரண்டாவது விசில். நான்கு வருடம் இப்படி நடந்தாகிவிட்டது. நான்கு வருடமும் யாரும் கை தூக்கவில்லை.

பாதையில் களை பிடுங்குவது தையல்காரியின் வேலை. யாரும் சொல்லி வந்ததில்லை, அவளாக எடுத்துக்கொண்டது. வாரம் ஒருநாள் மதியம் கடையைச் சாத்திவிட்டு வருவாள். எதையும் அளக்காமல், எண்ணாமல் அவளால் இருக்க முடியாது. ஊரில் அவளுக்கு இஞ்சுடேப்பு என்றே பெயர். வாசலிலிருந்து நடுவுவரை அவள் காலுக்கு ஐந்நூற்று நாற்பத்துமூன்று அடி. மழையிலும் அதுதான், வெயிலிலும் அதுதான்.

ஐந்தாம் வருட நினைவுநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அது ஐந்நூற்று அறுபது ஆனது.

எண்ணத் தவறிவிட்டோம் என்று நினைத்து மறுபடி நடந்தாள். ஐந்நூற்று அறுபது. வெயில் முதுகில் காய்ந்தது, ஆனால் கற்களிலிருந்து ஒரு ஈரவாடை வந்தது, அணைத்த அடுப்பில் தண்ணீர் தெளித்தால் வருமே, அந்த வாடை. பறவைச் சத்தம் இல்லை. தன் புடவைக் கொசுவம் காலில் உரசுவதுகூட அவளுக்குத் தனியாகக் கேட்டது. யாரோ பின்னால் வருவதுபோல் இருமுறை நின்றாள்.

அடுத்த வாரம் ஐந்நூற்று எழுபத்தேழு. இந்தத் தடவை டேப்போடு வந்திருந்தாள். முப்பத்தாறு அங்குலமாக இருந்த பாதை, முப்பத்துநான்குக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தது. வெளிவட்டம் நகரவில்லை. உள்ளே எங்கோ ஒரு புதிய சுற்று நுழைந்துகொண்டிருந்தது, இறுக்கித் தைத்த துணிக்குள் இன்னொரு துணியைத் திணிப்பதுபோல்.

யார் வேலை இது?

முதலில் பேக்கரிக்காரர் மேல் சந்தேகம் போனது. சில கற்களில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தாள். மாவு. ஐந்து வருடமாக அவர் அவளிடம் ஒரு சொல் பேசியதில்லை. நினைவு நடையில் மட்டும் வீட்டு வரிசைப்படி அவளுக்குப் பின்னால் வருவார், அந்த மூச்சு அவள் பிடரியில் இருக்கும். ஆனால் கல்லை நகர்த்தி அவருக்கு என்ன ஆகப்போகிறது? முளையும் கயிறும் இல்லாமல் இத்தனை துல்லியமாக வட்டம் போட ஒரு ஆளால்தான் முடியும். அளவு தெரிந்த ஆள். அவள் மனம் ஓடவேண்டிய இடத்துக்கு ஓடிவிட்டது. மனம் தேடியது கிடைத்ததுபோல் ஒரு நிம்மதிகூட வந்தது.

நினைவுநாளுக்கு முந்தைய நாள் அத்தானைப் பாதைக்குக் கூப்பிட்டனுப்பினாள். அவர் பழைய வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது, அவரும் அவளைச் சந்தேகப்பட்டுத்தான் வந்திருக்கிறார் என்று.

"வாராவாரம் இங்க வந்து போறவ நீதான்," என்றார். "கல்லுல கை வைக்கிறதுன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "தைக்கிறவ கைல கல்லத் தூக்கற பலம் இருந்தா, நான் ஏன் அத்தான் ரவிக்கை தச்சுட்டு இருக்கேன்?"

இருவருமாகச் சுற்றுகளை எண்ணினார்கள். பன்னிரண்டு. பாதை முப்பத்துமூன்று அங்குலம், எங்கே வைத்துப் பார்த்தாலும் முப்பத்துமூன்று. அத்தான் குனிந்து ஒரு கல்லைப் புரட்டினார். மேல்பக்கம் ஈரமாக, களிமண் அப்பி இருந்தது. கீழ்ப்பக்கத்தில் காய்ந்த பாசி. அதாவது வெயிலைப் பார்க்கவேண்டிய பக்கம் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. கல் இருந்த இடத்தில் ஒரு குழி, பல் விழுந்த ஈறுபோல வழவழப்பாக. அதிலிருந்து அந்த அடுப்பு வாடை வந்தது.

"மேலருந்து வச்ச கல்லு இல்ல இது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நடிக்கிறார் என்று நினைத்தாள். பிறகு அவர் வரைபடத்தைத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தார். எட்டு வீடுகளின் கோடுகள் கீழே பென்சிலில் இருந்தன, பாதை அதன் மேல் மையில் இருந்தது. பன்னிரண்டாவது சுற்றைச் சேர்த்துப் போட்டார். நடக்கப்போகிற பத்தொன்பது பேர், இருபத்தைந்து காலடி இடைவெளி, முதல் ஆள் நடுவைத் தொடும் நேரம். ஒவ்வொருவரும் அந்த நொடியில் எங்கே நிற்பார்கள் என்று புள்ளி வைத்துக்கொண்டே போனார். அவர் காதோரம் வியர்வை இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்பெல்லாம் விசில் ஊதும்போது அவர்கள் நின்றது ஆளுக்கொரு மூலையில், தெருவின் மேலும் யார் யாருடைய வீட்டின் மேலும். இந்த வருடம் ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் வீட்டின் மேல் நிற்பார்கள்.

"இப்ப நிறுத்திடலாம். நாளைக்கு யாரும் நடக்க வேண்டாம்," என்றார் அத்தான்.

அதுதான் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. ஐந்து வருடம் அடக்கி வைத்தது வாய்க்கு வந்துவிட்டது. "ஏன், மறுபடியும் கேட்டுடும்னு பயமா? அன்னைக்குக் கையத் தூக்கிட்டு இறக்கினீங்களே, நான் பாக்கலன்னு நெனச்சீங்களா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். அதுதான் பயமாக இருந்தது.

"நான் தூக்கல," என்றார். "எனக்குக் கேட்டுச்சு. மூணு தட்டு, நிறுத்தி, மூணு தட்டு. பிரமையா நெசமான்னு தெரியாம உன்னப் பாத்தேன். உன் கை மேல போச்சு. அப்பாடான்னு நானும் தூக்கப் போனேன். நீ அந்த பேக்கரிக்காரரப் பாத்த. பாத்துட்டு இறக்கிட்ட. உனக்கே கேக்கலன்னா எனக்குக் கேட்டது பிரமைதான்னு விட்டுட்டேன்."

வரைபடம் காற்றில் படபடத்தது. தன் வலது கையை அவள் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கைவரை சுருட்டிவிட்ட சட்டை. அன்று மழைக்கு அவள் புடவைக்கு மேல் போட்டிருந்தது, கடைக்குத் தைக்க வந்த யாரோ ஒரு ஆணின் சட்டை. அது இப்போது நினைவுக்கு வந்ததா, இல்லை இவர் சொல்லிச் சொருகியதா? பழியைத் தூக்கி என் தலையில் வைக்கிறான் என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் எதுவுமே சொல்லவில்லை.

எழுந்து புறப்படும்போது, "நாளைக்கு நான் நடப்பேன். ஏதாவது கேட்டா தூக்குவேன். இறக்க மாட்டேன்," என்று மட்டும் சொன்னாள்.

அத்தான் விசில்காரரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தாராம். அவர், அரண்டவன் கண்ணுக்குத்தானே இருண்டதெல்லாம் பேய், அளக்கிறவன் கண்ணுக்கு நேரானதெல்லாம் கோணல் போலிருக்கிறது என்று சிரித்து அனுப்பிவிட்டார். நிறுத்தினால் செத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது என்றும் கேட்டிருக்கிறார். அத்தானும் நடக்க வந்தார். அவளைத் தனியாக விட மனமில்லாமல் வந்தாரா, வராவிட்டால் அவள் நினைப்பது உறுதியாகிவிடும் என்று வந்தாரா, தெரியாது.

மறுநாள் மதியத்துக்கு மேல் மலையிலிருந்து மூடுபனி இறங்கியது. நாலு மணிக்கு வாசலில் நின்றால் நடுவிலிருந்த கம்பம் தெரியவில்லை. பத்தொன்பது பேரும் தொண்டையைச் செருமிக்கொண்டும், குடையை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டும், யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார்கள். பனியில் நனைந்த கம்பளி நாற்றமும் யாரோ சப்பிய இருமல் மிட்டாயின் வாசனையும் கலந்து நின்றன. மெல்லிய குரலில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். பேக்கரிக்காரர்.

"ரொட்டிய அடுப்புல வச்சுட்டு விடிகாலைல இங்க வந்து உக்காருவேன்மா," என்றார், ஐந்து வருடத்தில் முதல்முறையாக. "கல்லத் தொட்டதில்ல. சும்மா உக்காருவேன். ஒரு மாசமா அடியில யாரோ நடக்கற மாதிரி இருக்கு. நாம நடக்கற மாதிரியே, வளஞ்சு வளஞ்சு." மாவு படிந்த விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. இன்னைக்கு ஏதாவது கேட்டா தயங்காத. தூக்கு."

அவள் தலையசைத்தாள். அன்று அவள் பார்த்தது இவரை என்பதை அப்போதுதான் அவள் உடம்பு ஒத்துக்கொண்டது. அத்தான் பொய் சொல்லவில்லை. பிடித்துக்கொண்டிருந்த கயிறு கையிலிருந்து நழுவியதுபோல் இருந்தது. ஐந்து வருடம் அவள் கட்டி வைத்தது இன்னொருவனை அல்ல, தன்னைத்தான்.

உள்ளே போனார்கள். முதல் வீட்டு டிரைவர், பிறகு மற்றவர்கள், பிறகு அத்தான். அவர் முதுகு இருபத்தைந்து எண்ணுவதற்குள் பனியில் கரைந்தது. அவள் காலெடுத்து வைத்தாள். முப்பத்துமூன்று அங்குலத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. மண் ஊறிப்போன மெத்தைபோலக் காலை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் ஒரு கணம் தாமதித்துத்தான் திருப்பிக் கொடுத்தது. முன்னாலும் பின்னாலும் பக்கத்துச் சுற்றுகளிலும் கேட்ட காலடிகள் எது போகிறது எது வருகிறது என்று தெரியாமல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன, அவற்றுக்கு அடியில், அரை நொடி பிந்தி, இன்னொரு வரிசைக் காலடிகள் கேட்பதுபோல் இருந்தது. எண்ணினாள். நூறு. நூற்றைம்பது. பாதை திரும்பியது. இருநூறு. அடுப்பு வாடை. இருநூற்றுப் பத்து.

விசில்.

நின்றாள்.

பாதை வளைந்து வந்ததில் அத்தான் பக்கத்துச் சுற்றில், ஒரு கல் வரிசைக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றிருந்தார். அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. பனித்துளி இமையில் கனத்தது.

மூன்று தட்டு.

நிறுத்தம்.

மூன்று தட்டு.

அவள் கை எழுந்தது. பாதியில் நிற்கவில்லை. உள்ளங்கை விரிந்து முழு உயரத்துக்குப் போனது. தோள் வலித்தது. இறக்கவில்லை. அத்தான் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். அவர் கையும் எழுந்தது. பின்னால் பேக்கரிக்காரரின் கை. பனிக்குள் அங்கங்கே, ஒவ்வொன்றாக, கைகள். எல்லோருக்கும் கேட்கிறது. தனக்கு மட்டும் இல்லை. பிரமை இல்லை. அழுகை வந்தது அவளுக்கு. பயத்தால் இல்லை. நன்றியால்.

இரண்டாவது விசில் ஊதவில்லை. கை எழுந்தால் ஊதக் கூடாது. விதி.

அப்போதுதான் கீழே பார்த்தாள்.

பாதை நெடுக, மண்ணில், முழங்கால் உயரத்துக்கு ஏதோ நின்றிருந்தன. களை என்றுதான் முதலில் நினைத்தாள். பிடுங்காமல் விட்ட களை. அசையவில்லை. வெளுத்திருந்தன. ஐந்து ஐந்து இதழாக விரிந்திருந்தன.

உள்ளங்கைகள்.

எதையும் பற்றத் தேடவில்லை அவை. யாரையும் அழைக்கவில்லை. நேராக, விரிந்து, பொறுமையாக நின்றன. காது கொடுத்துக் கேட்பவர்கள் நிற்பார்களே, அப்படி. கேட்கிறது என்று சொல்லும் கைகள். நம் காலடி அவர்களுக்குக் கேட்கிறது. அவர்கள் கணக்கில், மண்ணுக்கு அந்தப் பக்கம் யாரோ உயிரோடு சிக்கியிருக்கிறார்கள். நடந்து நடந்து, நின்று, தட்டுகிறார்கள். இடம் தெரிந்துவிட்டது.

மண்ணிலிருந்த எல்லாக் கைகளும் ஒன்றாக இறங்கின.

தோண்டும் சத்தம். அடியிலிருந்து.

யாரும் கத்தவில்லை. பேசக் கூடாது என்ற பழக்கம் அவர்கள் வாயைக் கட்டியிருந்தது. அத்தானின் காலடி மண் இளகியது. கணுக்கால். முழங்கால். அவர் விழவில்லை. இறக்கப்பட்டார். இரண்டு கைகள் அவர் கணுக்காலைச் சேர்த்துப் பிடித்திருந்தன. இரண்டு அக்குளுக்குக் கீழே. இன்னொன்று அவர் பிடரிக்குப் பின்னால் வந்து, விரல்களை அகலமாக விரித்து, கழுத்து அதிராமல் தாங்கிக்கொண்டது. எத்தனை பக்குவம். அந்தக் கையின் கட்டைவிரல் நகம் நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. சிறுவயதில் மெஷின் ஊசி ஏறிய அக்காவின் நகம். அன்று சக்கரத்தைச் சுற்றியவள் தங்கை.

கையை இறக்கி அவரைப் பிடித்திருக்கலாம். எட்டும் தூரம்தான். இறக்க மாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள். அசையக் கூடாது. நிற்கும் இடம்தான் அடையாளம். இன்னொரு முறை இறக்குவதா? அவள் கை மேலேயே நின்றது. விரிந்து, மேலேயே.

மார்புவரை போனபின் அத்தான் தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். பிறகு அவளிடம், ரகசியம் சொல்வதுபோல்:

"பயப்படாதேங்கறா."

மண் மூடிக்கொண்டது. யாரோ மேலே தட்டிச் சமன் செய்தார்கள்.

பத்தொன்பது பேர் உள்ளே போனார்கள். பதினான்கு பேர் வெளியே வந்தார்கள், பாதையைப் பார்க்காமல் கற்களை மிதித்துத் தாண்டிக்கொண்டு. அத்தான், பேக்கரிக்காரர், முதல் வீட்டு டிரைவர், மூன்றாம் வீட்டு அண்ணன் தம்பி இருவர், இந்த ஐந்து பேரும் வரவில்லை. விசில்காரர் விசிலை வாயில் வைத்தபடியே நின்றிருந்தார். அவர் பல்லிலிருந்து அதை எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். பேசுவதில்லை. பேக்கரியைப் பேக்கரிக்காரரின் தம்பி நடத்துகிறார். தையல்காரி வேறு ஊரில் மூன்றாவது மாடியில் ஒரு அறை எடுத்துத் தைக்கிறாள். தரைத்தளம் அவளுக்கு ஒத்துவருவதில்லை. வலது தோள் இன்னும் சரியாக இறங்காததால் துணியை இடது கையால்தான் தள்ளுகிறாள்.

அந்த இடத்தை மூன்று நாள் தோண்டினார்கள். மண் இறுகிக் கிடந்தது, புல்வேர்கூட அறுபடவில்லை. பதினான்கு அடியில் ஒரு அறை அளவுக்கு வெற்றிடம் வந்தது. ஐந்து பேரும் அங்கே வரிசையாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். உயிர் இல்லை. முகங்களைக் கழுவித் துடைத்திருந்தார்கள். மீட்டெடுத்தவர்களுக்குச் செய்வதுபோல் தோளில் போர்வை சுற்றி, இரண்டு கைகளுக்கும் நடுவில் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருந்தார்கள். முதலில் உள்ளே இறங்கிய தொழிலாளி அத்தானின் கையிலிருந்து டம்ளரை வாங்கப் போய், சட்டென்று விரலை உதறிக்கொண்டார்.

தண்ணீர் சுட்டது.